வெள்ளைக் கோடு போட்ட டிரம்

முதலில் அந்த மின்விசிறியின் வயரைச் சரிசெய்யச் சொல்லுங்கள், ஐயா. பிளக் பக்கம் தோல் உரிந்து கம்பி தெரிகிறது. ஈரக் கையோடு யாராவது தொட்டுவைத்தால் வீண் வம்பு. ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் என் கண் அங்கேதான் போயிற்று. பழக்கதோஷம்.

எங்கள் பட்டறையில் பிளாஸ்மா கட்டர் வைத்து இரும்பு வெட்டுகிறோம். மின்சாரப் பொறிதான் கத்தி. அந்த வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தவன் ராத்திரி முழுக்கக் கண்ணில் மிளகாய்த்தூள் கொட்டினமாதிரி துடிப்பான். அதனால் வெட்டுகிறவர் முதலில் "கண்ணு!" என்று கத்த வேண்டும், மற்றவர்கள் திரும்பிக்கொள்ள வேண்டும். முகமூடி, தோல் கையுறை, காய்ந்த தரை, புகையை இழுக்கிற ஃபேன், எல்லாவற்றையும் பார்ப்பது என் வேலை. எனக்குப் பட்டறையில் 'ஜாக்கிரதை' என்று பட்டப்பேர்.

யார் கேட்டார்கள்? ஒருவன் கூலிங் கிளாஸோடு வெட்டுவான். இன்னொருவன் தண்ணீர் தேங்கிய தரையில் செருப்போடு நிற்பான். சொன்னால், "ஜாக்கிரதையா இருந்து நீங்க என்னத்தக் கண்டீங்க அண்ணே? முடி கொட்டினதுதான் மிச்சம்" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். செவிடன் காதில் சங்கு ஊதுவதே என் பிழைப்பாகிவிட்டது.

கேட்கிற ஒரே ஆள் என் தங்கச்சி புருஷன். மாப்பிள்ளை தங்கமான மனிதர். கையுறையில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் மாற்றிவிட்டுத்தான் மெஷினைத் தொடுவார். அவர் சொன்னால் மற்றவர்களும் சில சமயம் கேட்பார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை.

ரொம்ப நாள் யோசித்தேன். பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். யார் படுவது என்பதுதான் கேள்வி. செருப்புக்காரன் செத்தால், "அவன் அப்படித்தானே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஒழுங்கானவர் செத்தால்தான் மற்றவனுக்கு உறைக்கும். அவருக்கே இந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம் என்று நினைப்பான். அப்படிப் பார்த்ததில் ஒரே ஆள்தான் தேறினார்.

பழைய டிரம் வெட்டுவதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. எரிகிற சரக்கு இருந்த டிரம்மைக் கழுவி, மூடி திறந்து காயவைத்து, நான் மோந்து பார்த்து, சாக்பீஸால் வெள்ளைக் கோடு போடுவேன். கோடு இல்லாத டிரம் பக்கம் மாப்பிள்ளை போகமாட்டார். உள்ளே ஆவி தங்கியிருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

அன்று காலை, பெயிண்டில் கலக்குகிற தின்னர் இருந்த டிரம் ஒன்று வந்தது. நான் கழுவவில்லை. மூடியை இறுக்கிக் கோடு போட்டேன்.

முகமூடியை இறக்குமுன் மாப்பிள்ளை கேட்டார். "மச்சான், இதப் பாத்துட்டீங்கல்ல?"

"பாத்தாச்சு மாப்ள. தைரியமா வெட்டுங்க."

"நீங்க பாத்தா சரிதான். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. உங்க தங்கச்சி நேத்தே சொல்லச் சொன்னா, மறந்துட்டேன்."

பிறகு "கண்ணு!" என்று கத்தினார். நான் ஏற்கெனவே எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தேன். அதிசயமாக அன்றைக்குக் கேட்டார்கள். நான் இரும்புத் தடுப்புக்குப் பின்னால், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றேன். ஒழுங்கு என்றால் எனக்கும்தானே.

தங்கச்சி என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "அண்ணே, நீ பக்கத்துலதான இருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கதறினாள். எனக்கு அடிவயிற்றிலிருந்து அழுகை வந்தது. அதில் நடிப்பில்லை. ஆனால் பட்டறையை மறுபடி திறந்த அன்றைக்குப் போய்ப் பார்த்தால், செருப்புக்காரன் பூட்ஸ் போட்டு நிற்கிறான். கூலிங் கிளாஸ்காரன் முகமூடியைக் கழற்றவே மாட்டேன் என்கிறான். சொன்னதெல்லாம் நடக்கிறது.

முதலாளி உங்களிடம் ஒன்று சொல்லியிருப்பார். "ஜாக்கிரதை சொன்னா எவனும் கேக்கிறதில்ல, மாப்பிள்ளை சொன்னா கேக்கிறானுங்க" என்று என் வேலையை அவருக்குக் கொடுப்பதாக இருந்தார். உண்மைதான். அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள். மாப்பிள்ளைக்கு இந்த வேலை ஒத்துவராது என்று நான் அன்றைக்கே முதலாளியிடம் சொன்னேன். அடுத்தவன் போட்ட கோட்டை நம்பி, ஒரு தடவை மோந்துகூடப் பார்க்காத மனிதர் அவர்.