அண்ணிக்கு அவுரி வைத்த நாள்

ஈஸ்வரி: ...தலைய ஆட்டாதீங்க அண்ணி. காதெல்லாம் மருதாணியாப் போச்சு.

ராஜலட்சுமி: நான் எங்க ஆட்டுனேன். நீதான் வகிடு எடுக்குறேன்னு சீப்பால உழுவுற.

ஈஸ்வரி: உழாம என்ன பண்றது. ஆறு வருசம் தரிசாப் போட்டுட்டு ஒரே நாள்ல வெளையணும்னா?

ராஜலட்சுமி: ஒங்கண்ணன் போனப்புறம் என் தலைய யாரு பாத்தா.

ஈஸ்வரி: ம்...

ராஜலட்சுமி: மனசு சங்கடமாப் போச்சா?

ஈஸ்வரி: எங்கண்ணன் பேச்ச நீங்க எடுக்காம வேற யாரு எடுப்பா. குனிங்க. பின்னங்கழுத்துல வெள்ளை அப்படியே கெடக்கு.

ராஜலட்சுமி: ஜில்லுன்னு எறங்குதுடி. இதுல என்னத்தப் போட்ட?

ஈஸ்வரி: கொல்லையில நிக்கிற மருதாணிதான். எலையக் காயவச்சு இடிச்சு, டீத்தண்ணி விட்டு நேத்துச் சாயங்காலமே இரும்புச் சட்டியில கரைச்சு வச்சேன். அரை மூடி எலுமிச்சம்பழம். அம்புட்டுதான்.

ராஜலட்சுமி: ஒண்ணும் ஆகாதே? அன்னைக்கு மாதிரி மூஞ்சி வீங்குச்சுன்னா நாளைக்கு...

ஈஸ்வரி: அது பாக்கெட்டு டை. கண்ணத் தொறக்க முடியாம வந்து நின்னீங்க. எங்கண்ணன் ‘யாருங்க வேணும்’னு கேட்டாரே, ஞாபகம் இருக்கா?

ராஜலட்சுமி: சிரிக்காத. மூணு நாளு ஊசி போட்டேன்.

ஈஸ்வரி: அதுக்குத்தானே முந்தாநேத்தே காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வச்சுப் பாத்தேன். அரிச்சுச்சா?

ராஜலட்சுமி: இல்ல.

ஈஸ்வரி: அப்பறம் என்ன... அது சரி, ‘நாளைக்கு’ன்னு என்னமோ சொல்ல வந்தீங்க?

ராஜலட்சுமி: எப்ப?

ஈஸ்வரி: இப்பத்தான். மூஞ்சி வீங்குச்சுன்னா நாளைக்குன்னு...

ராஜலட்சுமி: அது பேச்சுக்குச் சொன்னேன். ஸ்கூல்ல இன்ஸ்பெக்‌ஷன் வெள்ளிக்கிழமதான்.

ஈஸ்வரி: இன்ஸ்பெக்‌ஷன்ல ஆபீஸ் கிளார்க்கு தலையையுமா பாப்பாங்க?

ராஜலட்சுமி: ஃபைலெல்லாம் நாந்தானே எடுத்துக் குடுக்கணும். அதிகாரி முன்னால போயி நிக்கிறப்ப...

ஈஸ்வரி: ஆமாமா. முடி வெள்ளையா இருந்தா ஃபைலு தொலஞ்சு போயிரும்.

ராஜலட்சுமி: போடி. ஒனக்கு எல்லாத்துலயும் கேலி.

ஈஸ்வரி: கேலி பண்ணல, கேட்டேன். வைச்சாச்சு. பதினோரு மணி வரைக்கும் அசையாம டீவியப் பாருங்க. நான் சோறு வடிச்சுட்டு வாரேன்.

ராஜலட்சுமி: ஈஸ்வரி... ஈஸ்வரி, மணி பதினொண்ணு ஆச்சு. பாத்ரூமுக்கு வாயேன்.

ஈஸ்வரி: என்ன? அலசியாச்சா? ஷாம்பு போடலைல்ல?

ராஜலட்சுமி: போடல. கண்ணாடியப் பாரு. செங்கச் சூளைக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்தவ மாதிரி இருக்கேன்.

ஈஸ்வரி: நல்லாத்தான் புடிச்சிருக்கு. வெள்ளை இருந்த எடமெல்லாம் நெருப்பு.

ராஜலட்சுமி: இந்தத் தலையோட எப்படி வெளியில போவேன். இருந்ததே தேவல...

ஈஸ்வரி: பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு, அதுக்குள்ள அழுதா? மருதாணி செவப்பக் குடுக்கும். அது மேல அவுரி வச்சாத்தான் கறுப்பு. கீழ ராஜவீதி நாட்டு மருந்துக் கடையில வாங்குன பொடி... வெதுவெதுன்னு தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு. இந்தா, கரைச்சாச்சு.

ராஜலட்சுமி: பச்சையால்ல இருக்கு. மாட்டுக்குப் புல்ல அரைச்சுக் கரைச்ச மாதிரி வாடை.

ஈஸ்வரி: மூக்கப் பொத்திக்கிட்டு ஒக்காருங்க. சேலை நனையாம துண்டப் போத்திக்கங்க. இது ஒடனே கறுக்காது அண்ணி. காத்துல மெல்ல மெல்லத்தான் ஏறும். இன்னைக்கு வச்சா நாளைக்குக் காலைலதான் நல்ல கறுப்பு. அதான் இன்னைக்கே லீவு போட்டுட்டு வரச் சொன்னேன்.

ராஜலட்சுமி: நான் வெள்ளிக்கிழமைன்னுதானே சொன்னேன்.

ஈஸ்வரி: ஆமா.

ராஜலட்சுமி: இன்னைக்குப் புதன். நாளைக்குக் காலைல கறுக்கணும்னு நீ ஏன்...

ஈஸ்வரி: தலைய நேரா வைங்க. நெத்தியில வழியுது.

ராஜலட்சுமி: ஈஸ்வரி. ஒனக்கு என்ன தெரியும்?

ஈஸ்வரி: எனக்கென்ன தெரியும், பத்தாப்புப் படிச்சவ. ரிஜிஸ்டர் ஆபீஸ் செவத்துல தமிழ்ல நோட்டீஸு ஒட்டியிருந்தா எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அம்புட்டுதான்.

ராஜலட்சுமி: நோட்டீஸா!

ஈஸ்வரி: ஆடாதீங்கன்னா.

ராஜலட்சுமி: எப்பப் பாத்த?

ஈஸ்வரி: அஞ்சு வாரம் இருக்கும். பெரியண்ணன் வல்லத்திராக்கோட்டை நெலத்துக்குப் பத்திர நகல் வேணும்னாருல்ல. மனு குடுக்கப் போனேன். வரிசையில நிக்கிறப்பச் சும்மா அங்கிட்டு இங்கிட்டுப் பாத்தா ஒரு கல்யாண நோட்டீஸு... அமல்ராஜ், அம்பத்திரண்டு வயசு, ஆசிரியர். ராஜலட்சுமி, நாப்பத்தொம்பது, பள்ளி அலுவலகம். யாரோன்னு நெனச்சேன். கீழ பாத்தா ஒங்க வீட்டு அட்ரஸு.

ராஜலட்சுமி: நானே சொல்லணும்னுதான் இருந்தேன். நாலு தடவ இந்த வீட்டுக்கு வந்தேன்.

ஈஸ்வரி: வந்தீங்க. ஒரு தடவ முருங்கக்கா குடுத்தீங்க. ஒரு தடவ மிக்ஸி ஜாரு கேட்டீங்க.

ராஜலட்சுமி: வாய் வரலடி.

ஈஸ்வரி: அந்த மிக்ஸி ஜாரு இன்னும் திரும்பி வரல.

ராஜலட்சுமி: ...கோவமா?

ஈஸ்வரி: பொய் சொல்லவா, நெசத்தச் சொல்லவா?

ராஜலட்சுமி: நெசத்தச் சொல்லு.

ஈஸ்வரி: கோவந்தான். மனுவக் குடுக்காமலே திரும்பிட்டேன். டவுன் பஸ்ல திருக்கோகர்ணம் வர்ற வரைக்கும் ஜன்னலப் பாத்து அழுதேன். எங்கண்ணன இன்னொரு தடவ தூக்கிட்டுப் போற மாதிரி இருந்துச்சு.

ராஜலட்சுமி: ஈஸ்வரி...

ஈஸ்வரி: இருங்க, சொல்லி முடிச்சுர்றேன். நோட்டீஸுல ஒங்க பேருக்கு நேரா ஒரு கட்டத்துல ‘விதவை’ன்னு டைப் அடிச்சிருந்துச்சு. வீட்டுக்கு வந்தும் அந்தக் கட்டந்தான் கண்ணுல நின்னுச்சு. அண்ணன் காரியத்தன்னைக்கு ஒங்க தலையில இருந்த பூவ எடுத்தது யாரு?

ராஜலட்சுமி: அத ஏன் இப்ப...

ஈஸ்வரி: நாந்தான். பெரியவுக சொன்னாகன்னு எடுத்தேன். நீங்க ஒரு வார்த்த பேசல. குனிஞ்சு குடுத்தீங்க... இப்பக் குனியிறீங்களே, இதே மாதிரி. அன்னைக்கு ஒங்களுக்கு நாப்பத்து மூணு வயசு அண்ணி. இப்ப எனக்கு நாப்பத்து நாலு. நான் காலைல கண்ணாடி பாக்காம வெளிய போறேனா?... அழாதீங்க. அவுரி கண்ணுல எறங்கும்.

ராஜலட்சுமி: பியூட்டி பார்லர் நாலு இருக்கு டவுன்ல. யாருகிட்டயாவது போயிருப்பேன். ஒங்கையால வச்சுக்கிட்டுப் போகணும்னு இருந்துச்சு. சொல்லாமலாவது.

ஈஸ்வரி: துண்டால தொடைங்க. நான் தொட்டா மூஞ்சியெல்லாம் பச்சையாப் போயிரும்... அந்த சாரு எப்படி?

ராஜலட்சுமி: எப்படின்னா?

ஈஸ்வரி: ஆளு எப்படின்னு கேக்குறேன்.

ராஜலட்சுமி: பேச்சு கம்மி. பிசிக்ஸ் எடுக்குறாரு. சம்சாரம் தவறி எட்டு வருசம். காலைல ஆபீஸுக்குக் கையெழுத்துப் போட வர்றப்ப ‘சாப்டீங்களா’ன்னு கேப்பாரு. கேட்டுட்டுப் பதிலுக்கு நிப்பாரு.

ஈஸ்வரி: நானுந்தான் கேக்குறேன்.

ராஜலட்சுமி: நீ ‘சாப்டுங்க’ன்னு அதட்டுவ. அது வேற.

ஈஸ்வரி: சரித்தான்.

ராஜலட்சுமி: ஒங்க பெரியண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு நெனச்சாத்தான்... வேத்து மதம் வேற.

ஈஸ்வரி: அன்னைக்கே தெரிஞ்சிருக்க வேண்டியது. நான் மனுவக் குடுக்காம வந்ததும், ‘நீ ஒண்ணுக்கும் ஆக மாட்ட, நானே போறேன்’னு வேட்டிய மாத்திக்கிட்டுக் கெளம்பிட்டாரு. போயிருந்தா அதே வரிசை, அதே செவரு.

ராஜலட்சுமி: ஐயோ...

ஈஸ்வரி: ‘அண்ணே, ஒங்களுக்கு முட்டி வலி, அங்க ஒக்கார எடமில்ல, நானே வாங்கியாறேன்’னு சொல்லித் தடுத்தேன். ஒரு வாரம் கழிச்சு சர்வே நம்பர் தப்புன்னேன். அடுத்த வாரம் சர்வரு வேலை செய்யலைன்னேன்.

ராஜலட்சுமி: சர்வரு நெசமாவே...

ஈஸ்வரி: சர்வரு நல்லாத்தான் இருந்துச்சு. நான் அங்க போகவே இல்ல. நோட்டீஸு செவத்துல இருக்குற முப்பது நாளையும் ஓட்டணுமே.

ராஜலட்சுமி: அடிப்பாவி. ஒன்னய வாயில்லாப் பூச்சின்னு அவரு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காரு.

ஈஸ்வரி: சொல்லட்டும். நோட்டீஸ எடுத்த மறுநாளு போயி ஒரே நடையில முடிச்சு, நகலக் கொண்டுபோயிக் குடுத்தேன். கெட்டிக்காரின்னு மெச்சி ரெண்டு வாழைத்தாரு குடுத்துவிட்டாரு.

ராஜலட்சுமி: சிரிக்க வைக்காதடி, வழியுது... ஆனா ஒரு நாளு தெரியத்தானே போகுது.

ஈஸ்வரி: தெரியும். கத்துவாரு. ரெண்டு வருசம் பேச மாட்டாரு. ஒங்க மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போறப்ப, ‘உள்ள வாங்க’ன்னு மொகத்தத் திருப்பிக்கிட்டுச் சொல்லுவாரு. எங்க ஆளுக எனக்குத் தெரியாதா. எந்திரிங்க, மணி ஒண்ணரை. அலசுவோம்.

ராஜலட்சுமி: தண்ணியெல்லாம் நீலமா ஓடுது.

ஈஸ்வரி: தெளியிற வரைக்கும் ஊத்துவேன். கண்ண மூடிக்கங்க... ம். கொல்லைப் பக்கம் வெயில்ல நில்லுங்க. ஒதறி விடுங்க.

ராஜலட்சுமி: ஈஸ்வரி, காதோரம் பச்சை அடிக்குதுடி. பாசி புடிச்ச மாதிரி.

ஈஸ்வரி: மொதல்ல அப்படித்தான். எங்க வீட்டுக்காரரு தலைக்கும் இதத்தான் வைக்கிறேன். காலைல பச்சக்கிளின்னு சிரிச்ச அவரு கூட்டாளிக, சாயங்காலம் பொடி எங்க கெடைக்கும்னு கேட்டாங்களாம். இங்க பாருங்க, உச்சியில இப்பவே ஏற ஆரம்பிச்சிருச்சு.

ராஜலட்சுமி: அவரு வேணாம்னுதான் சொன்னாரு.

ஈஸ்வரி: எத?

ராஜலட்சுமி: சாயத்த. ‘வெள்ளையோடதானே ஒங்கள மொதல்ல பாத்தேன், அப்படியே வாங்க’ன்னாரு. எனக்குத்தான்... கையெழுத்துப் போடுறப்ப போட்டோ எடுப்பாங்கல்ல. அது ஒரு எடத்துல இருந்துக்கிட்டே இருக்கும்ல...

ஈஸ்வரி: சுத்தி வளைக்காதீங்க. ஆசைன்னு சொல்லுங்க. இங்க நம்ம ரெண்டு பேருதான்.

ராஜலட்சுமி: ஆசதான்.

ஈஸ்வரி: வந்துருச்சுல்ல. இதுக்கா முருங்கக்காயத் தூக்கிக்கிட்டு வந்தீங்க.

ராஜலட்சுமி: நாளைக்குப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஒன்னய வான்னு கூப்புட எனக்கு வாயில்ல ஈஸ்வரி. வந்தா ஒன்னயும் சேத்துத் தள்ளி வச்சிருவாக. நீ இம்புட்டுச் செஞ்சதே போதும்.

ஈஸ்வரி: யாரு யாரு வாராக?

ராஜலட்சுமி: எம்மகன் ரகு ஓசூர்ல இருந்து பஸ் ஏறிட்டான். மொதல்ல அவன்தான் ‘சரின்னு சொல்லுங்கம்மா’ன்னான். அப்பறம் அவரு தங்கச்சி திருச்சியில இருந்து வருது. சாட்சிக்கு மூணு பேரு வேணுமாம். இவுங்க ரெண்டு பேரு.

ஈஸ்வரி: மூணாவது?

ராஜலட்சுமி: அதான் தெரியல. ‘ஆளு பாத்தாச்சு, கவலப்படாதீங்க’ங்குறாரு. யாருன்னு கேட்டா சிரிக்கிறாரு. ஸ்கூல்ல யாராவதா இருக்கும். அந்த ஆளு கடைசி நேரத்துல பயந்துக்கிட்டு வராமப் போயிட்டா என்ன பண்றது?

ஈஸ்வரி: வருவாங்க அண்ணி. நோட்டீஸப் பாத்த மறுநாளே ஸ்கூல் கேட்டுல அந்த சாரப் புடிச்சுச் சண்ட போடணும்னு போனவுங்கதான்; அவரு பேசுனதக் கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு வந்தாங்க, போன வாரம் சாட்சிக்குன்னு ஆதார் கார்டு நகலையும் குடுத்துட்டாங்க. பத்து மணிக்கு ரெடியா இருங்க, ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன்... ரெண்டு பேரும் சேந்தே போயிருவோம்.