ரூபிக்கு ஏற்ற இடம்

நாயை விடுதியில் விடுவதாக இருந்தால் முதலில் அந்த இடத்தை நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். போனில் விசாரித்து முடிவு செய்யக் கூடாது. போனில் எல்லாரும் நன்றாகத்தான் பேசுவார்கள். நேரில் போனால் மூக்கே சொல்லிவிடும், தரையைக் கழுவுகிறார்களா இல்லையா என்று. நான் மூன்று இடங்களைப் பார்த்தேன். நீங்கள் கேட்டதும் அதைப் பற்றித்தான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன், மேடம். மற்றது தானாகப் பின்னால் வரும்.

என் பெயர் அக்னஸ். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். என் கணவர் ஜெக்கரியா நெல் அறுக்கும் மெஷின் வைத்திருந்தார். சம்பா அறுவடையின்போது ஒரு நாள் வரப்பிலேயே விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது. தொண்டையிலிருந்து ஒரு முனகல் மட்டும் வரும். ஆனால் நாம் சொல்வது எல்லாம் புரியும். நான் வேலையை விட்டுவிட்டேன். ஒரே மகள் ஜாஸ்லின் அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள்.

ரூபி எங்கள் நாய். நாட்டு நாயும் லேப்ரடாரும் கலந்தது, செம்மண் நிறம். அவர் நடமாடிய காலத்தில் பைக்கில் அவருக்கு முன்னால் உட்கார்ந்து வயல்களுக்குப் போய்வரும். அவர் படுத்த பிறகு கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டது.

அவர் என்னை அடித்தார், குடித்தார் என்று ஏதாவது நான் சொன்னால் உங்களுக்கு எழுத எளிதாக இருக்கும். அப்படி எதுவும் இல்லை. நல்ல மனிதர். கல்யாணமான புதிதில் நான் பள்ளிக்கூடம் போகும் நாளெல்லாம் தேங்காய் துருவித் தருவார். படுக்கையில் விழுந்த பிறகும் தொந்தரவு கொடுத்ததில்லை. துணி மாற்றும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார், எனக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று. எனக்கு அவர்மேல் கோபம் கிடையாது. எதுவுமே கிடையாது. காலையில் எழுந்தால் அவரைப் புரட்டுவேன், துடைப்பேன், ஊட்டுவேன், திரும்பவும் துடைப்பேன். கையை ஊசியால் குத்தினால்கூட வலிக்காதோ என்று சில சமயம் தோன்றும். குத்திப் பார்த்ததில்லை.

ஜாஸ்லின்தான் போனில் சொன்னாள்.

“நீ வீட்ட விட்டு வெளியில போயே எவ்ளோ வருஷம் ஆச்சும்மா. தவக்காலத்துல வேளாங்கண்ணி போயி நாலு நாள் தங்கிட்டு வா. அப்பாவப் பாத்துக்க ஒரு ஆள் போட்டுக்கலாம்.”

“ரூபி புது ஆள உள்ள விடாதுடி.”

“அப்ப அத ஒரு டாக் ஹாஸ்டல்ல விடு. இப்பதான் எல்லா ஊர்லயும் இருக்கே.”

முதல் இடம் தஞ்சாவூரில். ஏசி அறைகள், ஒவ்வொன்றிலும் கேமரா, டாக்டர் வந்துபோகிறார். அங்கிருந்த பெண் அன்பாகப் பேசினாள். “காலைலயும் சாயங்காலமும் வீடியோ அனுப்பிடுவோம் ஆன்ட்டி. சாப்பிடலன்னா உடனே கால் பண்ணுவோம். நீங்க எடுக்கலன்னா கூப்பிட, பக்கத்து வீட்டு நம்பர் ஒண்ணு குடுத்துட்டுப் போங்க.” குறை சொல்ல முடியாத இடம். ஆனால் ரூபி கூண்டுக்குப் பழகியதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இரண்டாவது மன்னார்குடியில். ஓய்வு பெற்ற ஒருவர் தன் வீட்டுக் கொல்லையிலேயே வைத்திருந்தார். நாய்கள் அவர் காலைச் சுற்றி வந்தன. அது நல்ல அடையாளம். ஆனால் அவர், “ரெண்டு வேளை சாப்பிடலன்னா நான் வச்சுக்க மாட்டேம்மா. ஏத்திட்டு வந்து உங்க வாசல்லயே விட்டுருவேன், வீட்டுல ஆள் இருப்பாங்கல்ல?” என்றார். அதோடு, வீதியில் பஸ் சத்தம். ரூபிக்கு ஹாரன் ஆகாது.

மூன்றாவது திருத்துறைப்பூண்டிக்கும் அப்பால், வேதாரண்யம் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி. சாமிதுரை என்பவருடைய தோப்பு. கஜா புயலில் தென்னையெல்லாம் சாய்ந்த பிறகு அவர் நாய் விடுதி நடத்த ஆரம்பித்திருக்கிறார். கூண்டு கிடையாது, ஓடி விளையாட மணல், குளிக்க மோட்டார்த் தண்ணீர், மதியத்துக்கு மீன் போட்டு வேகவைத்த சோறு. தொட்டியில் தண்ணீர் நிரம்பியே இருந்தது. விரல் விட்டுப் பார்த்தேன், பாசி இல்லை. பார்த்தவுடனே இதுதான் என்று தெரிந்துவிட்டது.

அவரிடம் நான் கேட்ட கேள்விகளை அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். இங்கே போன் எடுக்குமா என்று கேட்டேன். “எங்கம்மா, ரோட்டுக்குப் போனாத்தான் டவரு” என்றார். வேலியைத் தாண்டிவிட்டால் நாய் நீடாமங்கலத்துக்கு வந்துவிடுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். “நடுவுல எத்தன ஆறு, எத்தன வாய்க்கா. வழியே தெரியாதும்மா அதுக்கு.” நாய் வைத்திருக்கிற யாரும் கேட்கிற கேள்விகள்தான் இவை. ஆனால் நீங்கள் அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் பொங்கலுக்கு முன்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் காலையில் என் கணவருக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் தட்டை அவர் இடது கைப் பக்கம் வைத்துவிட்டு, துவைத்த போர்வைகளைக் காயப்போடக் கொல்லைக்குப் போனேன். அவராகவே ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டிருக்கிறார், அது அடைத்துக்கொண்டது. ரூபி வேலி இடுக்கில் நுழைந்து பக்கத்து வீட்டுக்கு ஓடி, கமருன்னிஸாவின் புடவையைக் கவ்வி இழுத்திருக்கிறது. கமருவின் கணவர் சார்ஜாவில் இருக்கிறார், அவள் மட்டும்தான் வீட்டில். ஓடிவந்து, அவர் வாய்க்குள் விரலை விட்டு இட்லியைத் தோண்டி எடுத்துவிட்டாள். நான் உள்ளே வந்தபோது அவரை மடியில் சாய்த்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எங்கக்கா போனீங்க? அண்ணனுக்கு மூஞ்சியெல்லாம் நீலமாயிடுச்சு. ரூபி மட்டும் வரலன்னா என்னாயிருக்கும்?”

“கொல்லையில துணி போட்டுட்டு இருந்தேன் கமரு. ஒண்ணும் கேக்கல.”

கேட்டது, மேடம். முதல் இருமலிலிருந்தே கேட்டது. கையில் இருந்த போர்வையை உதறிக் கொடியில் போட்டு, ஓரத்தை இழுத்துவிட்டு, கிளிப் மாட்டினேன். பிறகு அடுத்த போர்வையை எடுத்தேன். சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அப்போது மனதில் என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. வெயில் நன்றாக அடித்தது. போர்வைகள் மதியத்துக்குள் காய்ந்துவிடும் என்று நினைத்தேன்.

அன்று மாலை தெருவே ரூபியைப் பார்க்க வந்தது. கமரு ஆட்டெலும்பு வேகவைத்துக் கொண்டுவந்தாள். நானும் ரூபியின் தலையைத் தட்டிக்கொடுத்தேன். அவர் கட்டிலில் படுத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்தே ரூபியை எங்கே விடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஜாஸ்லின் ஹாஸ்டல் என்று சொன்னது அதற்கு அப்புறம்தான்.

நாயை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் சாமிதுரையே தன் லோடு ஆட்டோவில் வந்தார். ரூபி கட்டிலுக்கு அடியிலிருந்து வர மறுத்தது. பிஸ்கட் காட்டினோம், வரவில்லை. சங்கிலியை இழுத்தால் உறுமியது. கடைசியில் என் கணவர்தான் கட்டிலிலிருந்து இடது கையைக் கீழே தொங்கவிட்டார். ரூபி வெளியே வந்து அந்தக் கையை நக்கியது. அதன் காதைத் தடவிக்கொடுத்து, போ என்பதுபோல் மெல்லத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு ரூபி ஒரு முரண்டும் பிடிக்கவில்லை.

“அய்யா பேச்சுக்கு என்னமா கட்டுப்படுது” என்றார் சாமிதுரை. அவருக்குப் பேச்சே இல்லை என்பதை நான் சொல்லவில்லை.

ஜாஸ்லினிடம் கும்பகோணத்திலிருந்து ஒரு நர்ஸம்மா வந்து தங்குவதாகச் சொன்னேன். அப்படி யாரும் இல்லை. இந்த வருடம் எங்கள் தவக்காலமும் கமரு வீட்டு ரம்ஜான் நோன்பும் ஒன்றாக வந்தன. தினமும் நோன்புக் கஞ்சி கொண்டுவருவதாகக் கமரு சொல்லியிருந்தாள். அதனால் அவளிடம், அவரைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்குத் தங்கவைக்கப் போகிறேன் என்றேன்.

“அண்ணனுக்குக் கஞ்சி குடுக்கலாம்னு இருந்தேனேக்கா.”

“வந்து குடிக்கட்டும் கமரு.”

அவரிடம், “வேளாங்கண்ணிக்குப் போய்ட்டு வந்துடறேங்க, கமரு வந்து பாத்துக்கும்” என்றேன். அவர் தலையை ஆட்டினார். இடது கையால் நெற்றியில் சிலுவை போட்டுக் காட்டினார், தனக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொல்லி. வேண்டிக்கொள்கிறேன் என்றேன்.

அவரை அப்படியே போட்டுவிட்டு வந்ததாக நினைக்க வேண்டாம். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, புது விரிப்பு விரித்து, ஃபேனைப் போட்டுவிட்டுத்தான் வந்தேன். கொசு வரக்கூடாது என்று எல்லா ஜன்னலையும் சாத்தித் தாழிட்டேன். முனகல் வெளியே கேட்காது என்பதும் தெரியும். பாட்டில் நிறையத் தண்ணீர் வைத்தேன். கட்டிலுக்கு வலப்பக்க மேசையில் வைத்தேன். மேசை எப்போதும் அங்கேதான் இருக்கும். அவருக்கு வலது கை வராது என்று நீங்கள் சொன்னீர்கள். ஆமாம், வராது. மூடியை நன்றாகத் திருகியிருந்தேன்.

வேளாங்கண்ணியில் கோயிலுக்குப் பக்கத்திலேயே அறை கிடைத்தது. தினமும் பூசை பார்த்தேன். அவர் பெயருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன், கஷ்டப்படாமல் போய்ச் சேர வேண்டும் என்று. மாலையில் கடற்கரையில் உட்கார்ந்திருப்பேன். படுத்தால் விடியும்வரை தூங்கினேன். ஜாஸ்லின் கூப்பிட்டாள்.

“அப்பா எப்படிம்மா இருக்காரு? நர்ஸக்கா நல்லா பாத்துக்குறாங்களா?”

“நல்லா பாத்துக்குது. அப்பா தூங்குறாராம்.”

“ரூபி?”

“ரூபிக்கு என்ன, மீன் சோறு சாப்பிடுது.”

ஆனால் ரூபி சாப்பிடவில்லையாம். மீனையும் தொடவில்லை, கேட்டருகிலேயே படுத்திருந்ததாம். சாமிதுரை சாலைக்குப் போய் எனக்குப் போன் அடித்தார். அவர் எண்ணைப் பார்த்தேன், எடுக்கவில்லை. மறுநாளும் அடித்தார். அப்படிப்பட்ட ஆளாக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ரூபியை ஏற்றிக்கொண்டு நேரே நீடாமங்கலத்துக்கு வந்துவிட்டார். வண்டி நிற்பதற்குள் ரூபி குதித்து, வீட்டைச் சுற்றிப் போய்க் கொல்லைக் கதவைப் பிறாண்டியிருக்கிறது. சத்தம் கேட்டுக் கமரு வந்தாள். வீட்டில் யாரும் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள் என்று அவள்தான் முதலில் சொல்லியிருக்கிறாள். பிறகு வாடை தெரிந்து இருவருமாகக் கதவை உடைத்தார்கள்.

அவர் கட்டிலில் இல்லை என்று நீங்கள் சொன்னபோது என்னால் நம்ப முடியவில்லை. ஒரு கையை ஊன்றிக் கூடத்தைக் கடந்து, அடுப்படியைக் கடந்து, கொல்லைக் கதவுவரை போயிருக்கிறார். தட்டிக் கூப்பிடப் போனாரா என்று கேட்டீர்கள். இல்லை, மேடம். கதவருகே உட்பக்கத்தில் ரூபியின் தண்ணீர்ச் சட்டி இருக்கும். கட்டிலிலிருந்து தலையைத் திருப்பினால் ரூபி அங்கே போய்க் குடிப்பது அவருக்குத் தெரியும். ரூபி போன அன்றே நான் அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். நாய் இல்லாத வீட்டில் தண்ணீர் நின்றால் புழு வைக்கும்.

நீங்கள் காட்டிய படத்தில் சட்டி நிமிர்ந்திருந்தது. அவர் நிமிர்த்தியிருக்கிறார்.

எழுதிக்கொள்ளுங்கள். என் கணவர் ஜெக்கரியாவை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனது நான்தான். அவர் சாகவேண்டும் என்றுதான் போனேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, யாருக்கும் இதில் பங்கு இல்லை. ரூபி வீட்டில் இருந்தால் யாரையாவது கூட்டிவந்துவிடும். அதனால்தான் அதற்கு அவ்வளவு தூரத்தில் இடம் பார்த்தேன். விஷம் வைத்து அதைக் கொன்றிருக்கலாம், அது சுலபம். அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. வாயில்லா ஜீவனை அப்படிச் செய்ய எனக்கு மனம் வராது.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். வேளாங்கண்ணியிலிருந்து உங்கள் ஆட்கள் என்னை ஜீப்பில் நேரே வீட்டுக்குத்தான் கூட்டிவந்தார்கள். தெருவில் கூட்டம். கமரு வாசலில் உட்கார்ந்திருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவரும் என்னோடு பேசவில்லை. ரூபி மட்டும்தான் ஓடிவந்தது. மெலிந்திருந்தது. நான் இறங்கி நின்று, “ரூபி” என்று கை நீட்டினேன். அது என் கையை மோந்துவிட்டு ஜீப்புக்குள் தாவி ஏறியது. இருக்கைகளுக்கு அடியில் மோந்து பார்த்தது. பிறகு இறங்கி ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. கதவை மூடிய பிறகும் அதன்மேல் கால்களை வைத்து எழும்பி உள்ளே பார்த்தது.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். பாவம், இத்தனை நாளும் அது என்னைத்தான் தேடியிருக்கிறது.