கை இறங்குவதற்குள்

கல்யாண வீடியோ என்றால் பெண்ணின் அப்பா கண்கலங்கும் ஷாட் ஒன்று கட்டாயம் வேண்டும். சில அப்பாக்கள் கல் மாதிரி நிற்பார்கள். அப்போது நான் என்ன செய்வேன் என்றால், அவர் தும்மப் போகும்போது முகத்தைச் சுளித்து மூக்கை உறிஞ்சும் வீடியோத் துண்டைத் தேடி எடுத்து, பெண் கையெழுத்துப் போடும் ஷாட்டுக்கு அடுத்து ஒட்டிவிடுவேன். குடும்பமே உட்கார்ந்து பார்த்து மூக்கைச் சிந்தும். அந்த அப்பாவும் சேர்ந்து அழுவார். பதினான்கு வருஷத்தில் ஒருவர்கூட இது பொய் என்று வந்து சொன்னதில்லை, மேடம்.

அதனால்தான் நீங்கள் அந்தத் தாளில் ‘பொய் வீடியோ’ என்று எழுதும்போது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. அதில் ஒரு ஷாட்கூடப் பொய் கிடையாது. எல்லாம் என் அத்தான் தன் போனை அங்கங்கே சாய்த்துவைத்து எடுத்தவை. வரிசைப்படுத்தியது மட்டும்தான் நான். வரிசைப்படுத்துவதற்கு உங்கள் சட்டத்தில் என்ன பெயர் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர். அக்கா காய்ச்சலில் படுத்தாள், ஒன்பதாம் நாள் போய்விட்டாள். அவர்களுடைய ஒரே பெண்ணுக்கு அப்போது நாலரை வயசு. வாலு என்று கூப்பிடுவோம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அத்தான் விடியற்காலையில் பேருந்தை எடுக்க வேண்டும் என்பதால் வாலு என்னிடம் வந்தாள். என் வீடு ஒரே அறை. ஸ்டுடியோ வேலையை வீட்டுக்கே கொண்டுவந்து செய்வதால் அதில் பாதியை எடிட்டிங் மேசை அடைத்துக்கொண்டிருக்கும். மேசைக்கு அடியில் அவளுக்கு ஒரு மெத்தை போட்டேன். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாருடைய கல்யாணத்தையோ வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். அவள் கீழே என் கால் கட்டைவிரலைப் பிடித்தபடி தூங்குவாள். பதினோரு மாதம் இப்படிப் போயிற்று. என் ஆயுசிலேயே நான் யாருக்காவது தேவைப்பட்டது அந்தப் பதினோரு மாதம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார். பணிமனைக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டாராம், ஷிப்டையும் மாற்றிக்கொண்டாராம்.

“இனிமே நானே பாத்துக்கறேம்மா. நீ ரொம்ப கஷ்டப்பட்டுட்ட. உன் வாழ்க்கையையும் நீ கொஞ்சம் பாக்கணும்ல” என்றார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். என் வாழ்க்கை அவர் இடுப்பில் உட்கார்ந்து அவருடைய சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. இறக்கிவிட்டதும் வாலு பையை மாட்டிக்கொண்டு படியில் குதித்துக் குதித்து இறங்கினாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தைதானே, அதை நான் பெரிதுபடுத்தவில்லை. 

வீடியோவில் வரும் அந்தப் பாட்டு உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஓர் அப்பா குழந்தையைத் தூங்கவைக்கும் பாட்டு. ‘எங்கே நீ ஒளிந்தாலும் தேடி வந்து சேர்வேன், விளக்கணைந்தால் என்ன, விரல் பிடித்திருப்பேன்’ என்று வரும். பல் டாக்டர் கிளினிக்கில்கூட அதைத்தான் போடுகிறார்கள். அக்காவுக்கு அந்தப் பாட்டு என்றால் உயிர். அவள் போன பிறகு அத்தான் வாலுவுக்கு அதைப் பாடுவார். அவர் சுருதி அவர் பேருந்தைவிட அதிகமாகக் குலுங்கும். அந்தச் சமயத்தில் அந்தப் பாடகரின் ரசிகர்கள் ஆளாளுக்கு அந்தப் பாட்டுக்குச் சொந்தமாக வீடியோ செய்து போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தான் ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“வாலு பொறந்தநாளுக்கு நீயே ஒண்ணு பண்ணிக் குடும்மா. உன்ன மாதிரி யாருக்கு வரும்? போன்ல எடமே இல்ல, எல்லாத்தையும் இதுல ஏத்திட்டு அழிச்சுட்டேன்” என்றார்.

முதலில் அவர் கேட்டதையே செய்தேன். நன்றாகவே வந்தது. பார்க்கிற யாருக்கும் கண்ணில் தண்ணீர் முட்டும். இந்த இரண்டு பேருக்கும் வேறு ஒருவரும் தேவையில்லை என்பதும் தெளிவாகத் தெரியும். நான் அதைப் பார்த்து முடித்ததும் அழித்துவிட்டேன்.

இரண்டாவதாகச் செய்ததுதான் நீங்கள் பார்த்தது. ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து செய்தேன். வாலு மேசைக்கடியில் வாயைப் பொத்திக்கொண்டு ஒடுங்கியிருப்பது கண்ணாமூச்சி ஆட்டத்தில். அவளைத் தாண்டி மெதுவாக நடந்துபோகும் ஷூக்கால், ஆட்டத்தில் அவளைத் தேடும் அத்தானுடையது. ‘எங்கே நீ ஒளிந்தாலும்’ வரும் இடத்தில் அதை வைத்தேன். அவள் கதறுவது மாவுக்கட்டைப் பிரிக்கிற மிஷின் சத்தத்துக்குப் பயந்து. கை ஒடிந்தது ஊஞ்சலிலிருந்து விழுந்து. ஊஞ்சல் நான் வைத்த வரிசையில் வரவில்லை. அத்தான் கையை ஓங்குவார் பாருங்கள், அந்தக் கை இறங்கி அவள் உள்ளங்கையில் பட்டென்று தட்டும். பரீட்சையில் நட்சத்திரம் வாங்கிய நாள் அது. ஓங்கிய இடத்திலேயே வெட்டினேன். அடுத்து விளக்கு அணைகிறது. வெட்டிப்போட்டது அரை விநாடி இருந்தால் அதிகம்.

பாட்டில் நான் கையே வைக்கவில்லை. சின்னப் பையன்கள் செய்கிற ரசிகர் வீடியோவில் பாட்டை இழுத்து, எதிரொலி சேர்த்துப் பேய்ப்படமாக்குவார்கள். தொழில் தெரியாதவன் வேலை அது. பாட்டு எவ்வளவுக்கு இதமாக இருக்கிறதோ, அவ்வளவுக்குப் படம் பயமுறுத்தும். ஆறுதல் சொல்கிற குரல் அப்படியே இருக்க வேண்டும். அந்தக் குரல் யாருடையது என்பதை மட்டும் மாற்றினால் போதும்.

அந்த ரசிகர்களின் இணையப் பக்கத்தில் பெயர் போடாமல் ஏற்றினேன். மூன்றே நாளில் ஊர் உலகமெல்லாம் பார்த்தது. ‘இனி இந்தப் பாட்டை என் குழந்தைக்கு எப்படிப் பாடுவேன்’ என்று ஓர் அம்மா எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு ஒரு காபி போட்டுக் குடித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, பெருமையாகத்தான் இருந்தது. நான் எதிர்பார்த்தது இவ்வளவுதான்: யாராவது ஓர் அதிகாரி வருவார், விசாரிப்பார், குழந்தையைச் சித்தியிடம் கொடுத்துவிட்டுப் போவார்.

வீடியோவில் அத்தான் போட்டிருந்த ஓட்டுநர் சீருடைச் சட்டையை வைத்து நாலாம் நாள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அத்தான் எனக்குப் போன் செய்தார்.

“பாத்தியாம்மா அந்த வீடியோவ? உன் ஸ்டுடியோ ஆளுங்க யாரோ டிஸ்க்லேருந்து திருடிருக்காங்க. உன்ன தப்பு சொல்லல. முழுசா இருக்கறத மட்டும் எடுத்துப் போட்டுரு. அந்தக் கை தட்டறது வரைக்கும் காட்டினா போதும், எல்லாருக்கும் புரிஞ்சுரும்.”

“டிஸ்க் கெட்டுப்போச்சு அத்தான். தெறக்கவே மாட்டேங்குது.”



“சரிம்மா. நீ மனசப் போட்டு அலட்டிக்காத” என்றார்.

அப்போது டிஸ்க் என் மடியில் நன்றாகத்தான் இருந்தது. நான் சொன்னது பொய்யாகக் கூடாதே என்று, போனை வைத்ததும் அதை முழுக்க அழித்தேன். நாற்பது நிமிஷம் ஆயிற்று.

மறுநாள் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்கள் பணிமனை வாசலில் கூடினார்கள். பேருந்து கழுவும் இடத்தில் வைத்து அத்தானை அடித்திருக்கிறார்கள். விழுந்தபோது சிமெண்டுப் படியில் தலை பட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தார். அடித்தவர்கள் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. அதில் என் பெயர் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் வாலுவைக் கூட்டிவரப் போயிருந்தேன். யாராவது போக வேண்டுமில்லையா?

அந்தப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற அம்மாள் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாம் இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்க மாட்டோம். அத்தான் பெருமை தாங்காமல் அந்தக் கை தட்டும் துண்டை என்றைக்கோ அவருக்கு அனுப்பியிருக்கிறார். டிஸ்க்கை மச்சினியிடம் கொடுத்ததையும் சொல்லியிருக்கிறார். காலையில் நீங்கள் அதை எனக்கு முழுசாகப் போட்டுக் காட்டினீர்கள். உண்மையைச் சொன்னால், முழுசாகப் பார்த்தால் அது ஒரு சப்பையான ஷாட்.

வாலு என்னிடம் திரும்ப வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த புதிதில் தினமும் சாயங்காலம், “சித்தி, அப்பாவைக் காட்டு” என்பாள். நான் எங்கே போவேன்? டிஸ்க்கில் ஒன்றுமில்லை. என்னிடம் மிச்சம் இருந்தது அந்த மூன்று நிமிஷத்து அப்பாதான். போட்டுக் காட்டினேன். முதல் வாரம் திரையைத் தொட்டுத் தொட்டு எனக்கு விளக்கம் சொன்னாள்.

“இதுல நான் ஒளிஞ்சிருக்கேன் சித்தி. அப்பா தேடறாங்க, ஆனா கண்டுபிடிக்க மாட்டாங்க.”

கை ஓங்கும் இடத்தில் தன் கையையும் தட்டுவதற்கு நீட்டுவாள். கொஞ்ச நாளில் நீட்டுவதை விட்டுவிட்டாள். பிறகு அந்த இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்:

“அப்பா என்ன ரொம்ப அடிப்பாங்கல்ல சித்தி?”

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைத் தடவிக்கொடுத்தேன். இப்போது அவள் அப்பாவைக் காட்டச் சொல்லிக் கேட்பதில்லை. என்னை விட்டு ஒரு நிமிஷம் நகர்வதில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். வீடியோவைச் செய்தது நான். ஏற்றியது நான். அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடியதை, அது காப்பாற்றும் என்று தெரிந்தே அழித்ததும் நான். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் அந்த மனிதரை நிரபராதி என்று எழுதுவதற்கு முன்னால் வாலுவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். என்னை வெளியே அனுப்பிவிட்டே கேளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆறு வயசுக் குழந்தை பொய் சொல்லாது, மேடம். நானும் ஆரம்பத்தில் அதெல்லாம் வெறும் எடிட்டிங் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.