லாட்டு துரை சொல்லிட்டுப் போன புத்தி

மாயக்காள்: ஏண்ணே, என்னைய ஜெயமங்கலத்துக்குக் கூட்டிட்டுப் போக வந்த எம் மகன் சுருளியாண்டி அங்கன மாட்டு வண்டியச் சுத்திச் சுத்தி வாரான். ரெண்டு சக்கரத்துலயும் கடையாணியக் காணோம். நீங்க இங்கன லாட்டு துரை கதை சொல்றீகளே...

சூசைமுத்து: ரெண்டுலயுமா?

மாயக்காள்: ஆமா. நம்ம அனுமந்தன்பட்டியில களவாணி பெருத்துப் போச்சு. கொல்லனுக்கு ஆள் விட்டிருக்கான். மத்தியானத்துக்குள்ள புதுசு அடிச்சுக் கொண்டாந்துருவாரு.

சூசைமுத்து: அப்பக் கேளு, தங்கச்சி. கவர்னரு லாட்டு துரை சீமைக்குத் திரும்புறாரு. அம்மையநாயக்கனூர் டேசன்ல ரயிலு நிக்குது. சனமெல்லாம் ‘லார்டு, லார்டு’ங்கிறாக. இங்கிலீசுல அப்பிடின்னா ஆண்டவராம். நான் பொசுக்குனு முழங்கால் போட்டுட்டேன்.

மாயக்காள்: பூசையிலயே முழங்கால் வலிக்குதும்பீக!

சூசைமுத்து: “நாட்டு சனங்களே, போறதுக்கு முன்ன மூணு புத்தி சொல்லிட்டுப் போறேன்”னாரு.

மாயக்காள்: தமிழ்லயா?

சூசைமுத்து: சுத்தமான மதுரைத் தமிழு.

மாயக்காள்: இருவது வருசம் பக்கத்து வீடு. கடைசி நாளும் பொய்யி... சரி, சொல்லுங்க.

சூசைமுத்து: மொதப் புத்தி: “வெளக்கு வச்சா, பக்கத்து வீட்டுக்குத் தெரியிறாப்புல வையுங்க.”

மாயக்காள்: அடுத்தது?

சூசைமுத்து: ரெண்டாவது: “போன ஊருத் தண்ணி ஒத்துக்கிடலேன்னா, வெக்கப்படாமத் திரும்பி வந்துருங்க.”

மாயக்காள்: போறவரு அவரு. திரும்பி வரச் சொல்றது நம்மளையா?

சூசைமுத்து: துரை பேச்சத் தமிழ்ல மாத்திச் சொன்ன துபாசி கொளறிட்டாரு.

மாயக்காள்: மதுரைத் தமிழுக்கு எதுக்குண்ணே துபாசி?

சூசைமுத்து: அத விடு. மூணாவது புத்தியக் கேளு...

மாயக்காள்: அந்தத் துரை கெளம்பிப் போன மாசத்துல நீங்க காச்சல்ல கெடந்தீக, டேசனுக்கே போகல. பிலோமினா மதினி உசுரோட இருந்தாக. ரெண்டு பேருக்கும் கஞ்சி காச்சுனது நானு.

சூசைமுத்து: அதுல உப்பில்ல.

மாயக்காள்: இனிமே யாரு காச்சித் தருவா?

சூசைமுத்து: ஜெயமங்கலத்துல மகன், மருமக, பேரப்பிள்ளைக... நீ போயி நல்லா இரு. எனக்கென்ன, பேசுறதுக்குச் செவரு இருக்கு.

மாயக்காள்: மடியில என்ன, துருத்திக்கிட்டு?

சூசைமுத்து: மூக்குப்பொடி மட்ட.

மாயக்காள்: இரும்புலயா?

சூசைமுத்து: ...இந்தா, கடையாணி. குடுத்துரு. பாவம் பய, வெயிலுக்கு முன்ன கெளம்பட்டும்.

மாயக்காள்: இது ஒண்ணுதான இருக்கு?

சூசைமுத்து: ஒண்ணுதான் உருவுனேன்! மாதா சத்தியமா, வலத்துச் சக்கரத்துல நான் கையே வைக்கல...

மாயக்காள்: தெரியும்ணே. அது எம் முந்தானையில முடிஞ்சிருக்கு. கொல்லன் வாறதுக்குள்ள... அந்த மூணாவது புத்தியச் சொல்லுங்க.