ஏகாம்பரத்தின் தணல் டின்

குண்டு விழுகிறது. காலை ஐந்து நாற்பது. முதல் குண்டு சமையல் கூடாரத்தின் மேல். தூரத்தில் ஒரு டும். தலைக்கு மேல் சீட்டி. பிறகு தரை ஆடுகிறது. மூன்றையும் எண்ணிக்கொண்டிருந்தால் பயம் தெரியாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். சொன்னவன் ஒரு தடவையாவது எண்ணிப் பார்த்திருக்க மாட்டான்.

"வண்டிய எடு! வண்டிய எடு!"

ஓடுகிறேன். எட்டு லாரிகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணாடியெல்லாம் பனி உறைந்திருக்கிறது. ஏறி செல்ஃப் அடிக்கிறேன். முதல் தடவை இருமுகிறது. இரண்டாம் தடவை பிடித்துக்கொள்கிறது. பக்கத்து வண்டி ஏகாம்பரத்தினுடையது. கிர்ர். கிர். டக். மறுபடியும் கிர். டக். அந்த டக் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

எழுபத்தொன்று, டிசம்பர். வடக்கே ஒரு மலையடிவாரம். இடத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எவனாவது போய் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்வான். நான் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் முசரவாக்கம். ராணுவத்தில் லாரி டிரைவர். ஏகாம்பரமும் டிரைவர்தான். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளை. எங்கள் ஊரில் மார்கழி பிறந்ததும் மப்ளர் கட்டிக்கொண்டு "இன்னா குளிருபா" என்கிறார்களே, அவர்களை அங்கே ஒரு நாள் நிறுத்த வேண்டும். டீசல் கஞ்சியாகிவிடும். இஞ்சின் ஆயில் பாகாக இறுகிவிடும். சூடு காட்டாமல் வண்டி அசையாது.

முன்பெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இஞ்சினை ஓடவிட்டுச் சூடாக வைப்போம். சண்டை தொடங்கியதும் அது கூடாது என்றார்கள். சத்தம் கேட்குமாம். நெருப்பும் கூடாது. வெளிச்சம் தெரியுமாம். சரி, காலையில் வண்டி எப்படிக் கிளம்பும்? உத்தரவில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. உத்தரவு எழுதியவர்கள் லாரி ஓட்டுகிறவர்கள் இல்லை.

வழி கண்டுபிடித்தவன் ஏகாம்பரம். மழைக்காலத்தில் தறியில் பட்டு இழைகள் ஈரம் வாங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவன் வீட்டில் தறிக்கு அடியில் தணல் சட்டி வைப்பார்கள். மேலே சாம்பலைப் போர்த்திவிடுவார்கள். புகை வராது. வெளிச்சம் தெரியாது. சூடு மட்டும் நிற்கும். அவன் சமையல் அடுப்பிலிருந்து தணல் வாங்கி, காலி நெய் டின்னில் போட்டு, சாம்பல் மூடி, இஞ்சினில் ஆயில் நிற்கிற தொட்டிக்கு நேர் கீழே வைத்தான். எனக்கும் ஒரு டின் வைத்துக் கொடுத்தான்.

"பட்டுக்கே ஒண்ணும் ஆவாது. இரும்புக்கு இன்னா ஆவப்போவுதுபா?"

மூன்று நாள் எங்கள் இரண்டு வண்டிகளும்தான் முதலில் கிளம்பின. மற்ற ஆறு டிரைவர்களும் எங்களுக்கும் வை என்று கேட்டார்கள். வைப்பதற்குள் எங்களுக்கு மேலதிகாரியான சுபேதார் வந்துவிட்டார். அவருக்கு மரியாதை கொடுத்து எழுதுகிறேன், பழக்கதோஷம்.

குண்டு விழுந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் அது. அவருடைய பதுங்குகுழியில் கணப்பு எரியும். குழாய் வழியாகப் புகை வெளியே போகும். அந்தப் புகை மட்டும் எதிரியின் கண்ணுக்குத் தெரியாது. ஏகாம்பரத்தின் டின்னை பூட்ஸ் காலால் வெளியே இழுத்தார். மதராசி இஞ்சினுக்குச் சாம்பிராணி போடுகிறான் என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். கூட வந்தவர்களும் பல்லைக் காட்டினார்கள். கையிலிருந்த டீயைத் தணலில் ஊற்றினார். சுர் என்றது. வேறு எவனிடம் இருக்கிறது என்று கேட்டார்.

என் டின்னை அதற்குள் சக்கரத்துக்குப் பின்னால் தள்ளியிருந்தேன். ஏகாம்பரம் என் பக்கம் திரும்பவே இல்லை. தான் ஒருவன்தான் என்றான். நான் வாய் திறக்கவில்லை. அவர்கள் போனதும் என் டின்னை மறுபடி இஞ்சினுக்கு அடியில் வைத்தேன். பாதித் தணலை அவனுக்குக் கொடுத்திருக்கலாம். மாட்டிக்கொள்வேன் என்று பயந்தேன். சுபேதாரைத் திட்டுகிற என் யோக்கியதை இவ்வளவுதான்.

ஐந்து நாற்பத்தைந்து. குண்டுகள் நெருங்குகின்றன. ஏகாம்பரத்தின் வண்டியில் காயம்பட்ட நான்கு பேர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஐந்து மணிக்கே ஏற்றிப் படுக்கவைத்தது. கிர். டக்.

"ஏகா! வுட்டுட்டு வாபா! என் வண்டில ஏறு!"

"நாலு பேரு படுத்துக்கினு இருக்காங்கபா! கயிறு போடு! இஸ்துக்கினு போ!"

கயிறு என் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. எடுக்கிறேன். குதிக்கிறேன். சீட்டி. குப்புற விழுகிறேன். எழுந்தபோது காது கேட்கவில்லை. ஏகாம்பரத்தின் வண்டியில் முன்பாதி இல்லை. பின்பாதி எரிந்தது. கயிறு என் கையில் இருந்தது.

அன்றைக்குக் கிளம்பியது என் வண்டி ஒன்றுதான். தொற்றி ஏறியவர்களோடு ஓட்டிக்கொண்டு ஓடினேன். விசாரணை நடந்தது. கடுங்குளிரால் இஞ்சின் கிளம்பவில்லை என்று எழுதி முடித்தார்கள். குளிர் எதிர்த்துப் பேசாது, வசதி. சுபேதாருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அடுத்த ஐப்பசியில் லீவில் வந்து ஏகாம்பரத்தின் வீட்டுக்குப் போனேன். வெளியே மழை. அவன் அண்ணன் தறியில் இருந்தார். தறிக்கு அடியில் தணல் சட்டி. ராணுவத்திலிருந்து வந்த கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"குளிர்ல வண்டி கெளம்பலன்னு போட்டுக்கிறாங்கபா. எந்தம்பிக்கு நெருப்பு வெக்கத் தெரியாதா?"

"தெரியும்ணா."

"அப்பறம் ஏன் வெக்கல?"

கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஐந்து வருடமாக அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. நாளைக்கு நான் எழுதிய இந்தக் காகிதத்தோடு போகப்போகிறேன். வைத்தான் அண்ணா. உங்கள் தம்பி வைத்தான்.

போனவை. லாரி ஏழு. காயம்பட்டு வந்து, கம்பளிக்குள் படுத்தபடியே எரிந்தவர்கள் நான்கு பேர். எங்களுக்குத் தணல் கொடுத்த சமையல்காரர் ஒருவர். ஏகாம்பரம், வயது இருபத்தாறு. நெய் டின் ஒன்று, டீ ஊற்றியது.

இன்னொரு டின்னில், நான் வண்டியை எடுத்தபோதும் தணல் இருந்தது.