மருதாணிக் கையோடு சங்கத்துக்கு

மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, என் உழைப்பிலேயே நான்கு வீடு கட்டி விற்றவன் நான். கட்டட வேலைப் பேச்சு எந்தக் கூட்டத்திலும் என் காதுக்குத் தப்பாது. குமணன்சாவடியில் ஆவடி பஸ் ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“கட்டடத் தொழிலாளர் சங்கத்துல சேரப் போற அன்னிக்கா கையில மருதாணியோட வருவ?” என்றாள் மூத்தவள்.

“தம்பி கல்யாணம்க்கா. எங்கம்மா உட்டாதானே.” இளையவள் உள்ளங்கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“வேலையே செய்யாதவங்க வந்து சேர்றாங்கன்னு, மொதல்ல கையைத்தான் பார்ப்பாங்க. காப்பு காய்ச்சிகீதா, சிமெண்ட் அரிச்சிகீதான்னு. உன்னுது கல்யாணப் பொண்ணு கை மாரி கீது.”

“டைல்ஸ் ஒட்டக் கத்துக்குடுக்கிற கிளாசுக்கு இன்னியோட பேர் எழுதுறது முடிதுக்கா. சங்கத்துக் கார்டு இல்லாம சேர்க்க மாட்டாங்க.”

“உன் மேஸ்திரிய ஒரு போன் போட்டுச் சொல்லச் சொல்லு. நீ எட்டு வருசமா அவருகிட்ட சித்தாளா கீறேன்னு.”

“எங்க சொல்வாரு? நான் டைல்ஸ் ஒட்டப் போயிட்டா அவருக்குக் கல்லு தூக்க ஆளு ஏது?”

பருத்திப்பட்டு தாண்டியதும் மூத்தவளுக்கு வேறொரு வழி தோன்றியது.

“அப்ப ஆபீஸ் வாசல்லயே பத்து செங்கல்ல தலையில அடுக்கித் தூக்கிக் காட்டு. பார்த்துக்கட்டும்.”

“தூக்கிடுவேன்க்கா. நல்லாத் தூக்குறாளேன்னு மறுபடியும் என்னை சித்தாளாவே அனுப்பிட்டா?”