வேகப்பந்து வீச்சாளரின் முழங்கால்

"அவன்ட முழங்காலுக்கு நான் ஏன்கா தீ மிதிக்கணும்?"

ஆசுபத்திரியின் எலும்பு கிளினிக். விடியவே வந்து இலக்கத் துண்டு எடுத்தும் எனக்கு நாற்பதாம் இலக்கம்தான். பெரியகல்லாறு பஸ்ஸில் என்னோடு வந்திறங்கிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டவர் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆருட முழங்கால், மச்சாள்?"

"நம்மட டீமுல வேகமாப் பந்து போடுறானே, அவன்ட. பத்து வருசமா அவன் டீவியில ஓடி வந்தா என்ட மனுசனும் கதிரையை விட்டு எழும்பிருவாரு. போன வருசம் அவனுக்கு ஒப்பரேசன். அவன் திரும்பி விளையாடினா என்ட பொஞ்சாதி தீ மிதிப்பா எண்டு அம்மனுக்கு நேர்ந்திட்டாரு. என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கல்ல."

"விளையாடினானா?"

"விளையாடினான். ஒரே மெச்சில அஞ்சு விக்கட். அடுத்த கிழமையே ஓய்வு எண்டு அறிவிச்சிட்டான். அவன் வீட்ட போய்ப் படுத்திட்டான், நான் நெருப்பில இறங்கணும்."

"நேர்ந்தவரே மிதிக்கட்டுமே."

"அவருக்குச் சீனி வருத்தமாம். கால்ல புண் வந்தா ஆறாதாம்."

"அப்ப விட்டிருங்க."

"அம்மனுக்குச் சொன்னதை விடேலுமாகா? மிதிக்கத்தான் வேணும்."

அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். சுவரைப் பிடித்து எழும்பினார். கூட வந்தவர் கைகொடுத்தபடி கேட்டார்:

"உங்கட முழங்காலுக்கு என்ன நேர்ந்தாரு?"

"அதுக்கு ஆசுபத்திரி இரிக்கிதானே எண்டாரு."